பங்கேற்பாளர் எண் ஒன்று

மன்னிக்கிற குணம் எனக்குக் கிடையாது. வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். நான்காம் வகுப்பில் என் ரப்பரை வாங்கிக் கடித்துத் திருப்பிக் கொடுத்த ஒருத்தி இன்று விளாங்குடியில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கிறாள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவளைப் பார்த்தால் இன்றும் எனக்கு முதலில் அந்த ரப்பர்தான் ஞாபகம் வரும். இப்படிப்பட்ட என்னுடைய நான்கு வருட உழைப்பை ஒரு மனிதர் பிடுங்கிக்கொண்டு, "இதையெல்லாம் மனசுல வச்சுக்காதம்மா" என்றார். வைத்துக்கொண்டேன்.

அவர் என் முனைவர் பட்ட வழிகாட்டி, இயற்பியல் பேராசிரியர். எல்லாரும் அவரை சார் என்போம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். ஊருக்கு வெளியே எங்கள் ஆய்வுக்கூடம், ஊருக்குள் ஒரு மருத்துவமனை, இரண்டும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி. சர்க்கரை நோயாளிகளின் கால்விரலில் ரத்தம் ஒழுங்காக ஓடுகிறதா என்று வெறும் ஒளியை வைத்துக் கண்டுபிடிப்பதுதான் வேலை. பேனா போன்ற ஒரு முனையைத் தோலில் வைத்தால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி உள்ளே போய், தசைக்குள் முட்டி மோதி, கொஞ்சம் திரும்பி வரும். வந்தது எவ்வளவு என்று பார்த்தால், உள்ளே ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று கணக்குப் போடலாம். விரல் கறுப்பதற்கு முன்பே ஒளிக்குத் தெரிந்துவிடும் என்று நம்பினோம்.

இதில் ஒரு சிக்கல். கருவியின் விளக்கு நாளுக்கு நாள் மங்கும். இன்றைய அளவும் போன மாத அளவும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமென்றால், மாறாத ஒரு பொருளைத் தினமும் முதலில் அளந்து, மற்றதையெல்லாம் அதனோடு ஒப்பிட வேண்டும். அதற்குக் கடல்பாசியைக் காய்ச்சி, கொழுப்புக் கரைசலும் கறுப்பு மையும் கலந்து, போலித்தசை ஒன்றைக் கட்டியாக ஊற்றுவோம். அது எங்கள் ஊர் வெயிலில் ஒரு வாரம் தாங்காது. மின்சாரம் போனால் ஃபிரிட்ஜிலேயே பூஞ்சை பிடித்துவிடும். மூன்றாவது தடவை பூஞ்சை பிடித்த அன்று சார் எரிச்சலில் கட்டியைக் குப்பைத்தொட்டியில் எறிந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒன் கை எதுக்கும்மா இருக்கு? அது கெட்டுப்போகாதுல்ல. வார பேஷண்ட் எல்லாம் கருப்பு. நம்ம லேப்ல நல்ல கருப்பு நீதான். உன் கையவே ஸ்டாண்டர்டா வச்சுக்குவோம்."

விஞ்ஞானத்தில் அப்படிச் செய்யக்கூடாது. உயிருள்ள கை ஒரே மாதிரி இருக்காது என்பது முதல் வருட மாணவனுக்கும் தெரியும். சாருக்கும் தெரியும். தற்காலிகமாக என்றுதான் சொன்னார். தற்காலிகம் நான்கு வருடம் ஓடியது.

எனக்கு அப்போது கோபம் வரவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். மாப்பிள்ளை வீட்டாருக்கு அம்மா 'மாநிறம்' என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த தோல் இது. முதல் தடவையாக ஒரு பதிவேட்டில் அது உள்ளபடியே, அதுவும் எல்லாவற்றுக்கும் அளவுகோலாக ஏறியது. உள்ளூர எனக்குப் பெருமைதான். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், உள்பக்கம், ஒரு ரூபாய் அளவு இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு வைத்தேன். தினமும் காலையில் காப்பி குடிக்காமல் போய், பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்து, அந்த வட்டத்தை அளந்த பிறகுதான் மற்ற வேலை.

வெயில் பட்டால் தோலின் நிறம் மாறும், நிறம் மாறினால் கணக்கு மாறும். அதனால் ஸ்கூட்டர் ஓட்டும்போது இடது கைக்கு மட்டும் நீளமான கையுறை. சித்திரை மாதத்திலும் அதுதான். சிக்னலில் நின்றால் ஆட்டோக்காரர்கள், "இன்னொண்ணு எங்கக்கா, தொலஞ்சுபோச்சா?" என்பார்கள். தங்கை கல்யாணத்தில் இடது கைக்கு மருதாணி வேண்டாம், வளையல் வேண்டாம் என்று நின்றேன். அத்தைமார்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள். வலது கை வெயிலில் கறுத்துக் கறுத்து, கடைசியில் இரண்டு கைகளையும் சேர்த்து வைத்தால் இரண்டு பேருடைய கைகள் மாதிரி இருந்தன.

மனிதர்களை அளக்கும் ஆராய்ச்சி என்பதால் மருத்துவமனையில் நெறிமுறைக் குழு ஒன்று உண்டு. அதன் செயலாளர் ஒரு மேடம், மருந்தியல் பேராசிரியர், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தே ஆளை உட்கார வைத்துவிடுவார். அளக்கப்படுகிற ஒவ்வொருவரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், படிவத்தை அவர்கள் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார். ஆங்கிலப் படிவத்தைத் தமிழில் எழுதியது நான். விலகிக்கொள்பவர்கள் நிரப்ப 'காரணம்' என்று ஒரு கட்டம் போட்டிருந்தேன். காரணம் கேட்பதே ஒரு மிரட்டல்தானே என்று யோசித்து, நானே அதை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: "கட்டுரை வெளியாகும் வரை எப்போது வேண்டுமானாலும், காரணம் எதுவும் சொல்லாமல், நான் விலகிக்கொள்ளலாம். என்னிடம் எடுத்த அளவுகள் அனைத்தும் நீக்கப்படும்." மேடம் அதைப் படித்துவிட்டுத் தலையாட்டினார். அவரிடமிருந்து கிடைக்கக்கூடிய உச்சபட்சப் பாராட்டு அதுதான்.

என் கையும் மனிதக் கைதானே. அதற்கும் படிவம் வேண்டும் என்றார் மேடம். சார் சிரித்துக்கொண்டே நீட்ட, நானும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். பங்கேற்பாளர் எண் ஒன்று.

பிறகு வந்த நோயாளிகளுக்கெல்லாம் அந்தப் படிவத்தை நான்தான் வாசித்தேன். பெரும்பாலானவர்கள் பாதியிலேயே பேனாவைக் கேட்பார்கள். ஒரே ஒரு அம்மா மட்டும் கடைசிவரை கேட்டார். சிம்மக்கல்லில் மொத்தக் கடையொன்றில் நின்றுகொண்டே வெங்காயம் தரம் பிரிக்கிறவர். வலது கால் பெருவிரல் மரத்துப்போய் வந்திருந்தார். வாய் கொஞ்சம் நீளம்.

"அப்ப நான் வேணாம்னா, ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டீக?"

"கேக்க மாட்டோம்மா."

"இதென்னத்தா அதிசயமா இருக்கு. எங்க வீட்டுல ஒரு கல்யாணத்துக்குப் போகலைன்னாலே ஒம்போது கேள்வி."

மாதாமாதம் வந்து காலை நீட்டினார். ஒவ்வொரு மாதமும் அவர் விரலின் அளவு ஒரு படி இறங்கியது. வேறு யாருடைய அளவிலும் அவ்வளவு தெளிவாக இல்லை. கடையில் வேலை நெருக்கடி என்று இரண்டு மாதம் வராமல் இருந்துவிட்டார். மூன்றாவது மாதம் விரல் கறுத்துப்போய் வந்தார். எடுத்துவிட்டார்கள். கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்திருந்தவரிடம் நான் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினேன். கறுப்பதற்கு முன்பே இறங்கிக்கொண்டே போன கோடு.

"உங்க வெரல் முன்னாடியே சொல்லியிருக்கும்மா. வெரலு போனாலும் அது சொன்ன சேதி போகாது. எங்க கட்டுரையில மொத படமே இதுதான். இதப் பாத்துட்டு டாக்டருங்க அடுத்தவங்க வெரலக் காப்பாத்துவாங்க."

அவர் திரையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார், தன் கால்விரல் புத்தகத்தில் வரப்போகிறது என்று.

நான்காவது வருடத்தில் அப்பாவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. இரண்டு மாதம் விடுப்பு எடுத்தேன். கிளம்பும்போது அளவுகள் எல்லாம் முடிந்திருந்தன, படங்கள் வரைந்தாயிற்று, கட்டுரையில் முக்கால்வாசி எழுதியிருந்தேன். மீதியை வந்து முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்த அன்று காலை எங்கள் ஆய்வுக்கூடத்து இளைய மாணவன் இனிப்புப் பெட்டியோடு வாசலிலேயே நின்றான். மருத்துவமனையில் எங்கள் கூட்டாளியாக இருந்த டாக்டரின் மகன் அவன். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முனையைத் தோலில் எப்படி அழுத்தாமல் வைப்பது என்பதிலிருந்து எல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதான்.

"அக்கா, பேப்பர் அக்செப்ட் ஆயிருச்சுக்கா!"

கைபேசியில் கட்டுரையைத் திறந்து பார்த்தேன். முதல் பெயர் அவனுடையது. கடைசிப் பெயர் சாருடையது. நடுவில் அவன் அப்பாவும் இன்னும் இரண்டு மருத்துவர்களும். ஆராய்ச்சியில் முதல் பெயர்தான் வேலையைச் செய்தவர் பெயர். அதை வைத்துத்தான் பட்டம், வேலை, எல்லாம். கீழே கீழே போய்ப் பார்த்தேன். கட்டுரையின் கடைசியில் நன்றி என்ற பத்தியில், பேட்டரி சரிசெய்த எலக்ட்ரீஷியனுக்கு அடுத்தபடியாக, 'அளவெடுப்பில் உதவியதற்காக' என் பெயர் இருந்தது.

எலக்ட்ரீஷியன் அண்ணன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர் வேலையை அவர் நன்றாகத்தான் செய்தார்.

அந்தப் பையனை நல்ல பையன் என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான். கையில் வந்து விழுந்தது எங்கிருந்து வந்தது என்று கேட்காத அளவுக்கு நல்ல பையன். அவன் நீட்டிய இனிப்பை நான் எடுக்கவில்லை. நேரே சாரின் அறைக்குப் போனேன்.

"நீ லீவுல போயிட்ட. முடிச்சு அனுப்புனது அவன்தான். அவங்கப்பா இல்லைன்னா நமக்குப் பேஷண்ட் ஏதும்மா? நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆகும், எங்கயாவது போயிருவ. அவன் இந்த ஃபீல்டுல இருக்கப்போறவன். உனக்கு அடுத்த பேப்பர்ல பாத்துக்கலாம். இதையெல்லாம் மனசுல வச்சுக்காதம்மா."

சொல்லிவிட்டுத் தேநீரை உறிஞ்சினார். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன், அந்தத் திருப்தியை அவருக்குத் தர நான் தயாராக இல்லை. கட்டுரையை அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் அதைப் படித்தேன். பழிவாங்க வேண்டுமென்றால் எதிராளி எழுதியதை அவரைவிடக் கவனமாகப் படிக்க வேண்டும். செய்முறைப் பகுதியில் நான் எழுதிய வரியை அப்படியே விட்டிருந்தார்கள்: அளவுகள் அனைத்தும் பங்கேற்பாளர் எண் ஒன்றின் இடது முன்கையைக் கொண்டு நேர்செய்யப்பட்டன. என் பெயரை எடுத்தவர்களுக்கு என் கையை எடுக்கத் தோன்றவில்லை. ஒவ்வொரு நோயாளியின் ஒவ்வொரு எண்ணும் என் கையின் எண்ணால் வகுக்கப்பட்டு நின்றது. அதை உருவினால் மிச்சம் இருப்பது ஒரு விளக்கு மங்கிய கதை மட்டும்தான். கட்டுரை ஏற்கப்பட்டிருந்தது, ஆனால் வெளியாகவில்லை.

என் ஆய்வேடும் அதே எண்களில்தான் நின்றது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். வெங்காயக் கடை அம்மாவின் கோடும் அதில் இருக்கிறது என்ற நினைப்பும் ஒருமுறை வந்தது. வந்ததை ஒதுக்கி வைத்தேன்.

பங்கேற்பாளர் எண் ஒன்றாகிய நான் விலகிக்கொள்கிறேன், என் அளவுகளை நீக்கிவிடுங்கள் என்று மூன்று வரிக் கடிதம். மேடத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்தார். என்ன நடந்திருக்கும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"காரணம்?" என்று ஆரம்பித்தவர் தானே நிறுத்திக்கொண்டார். "இல்ல, நான் கேக்கக்கூடாது." முத்திரை குத்தினார்.

வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்தேன். கையுறையை மாட்டப் போனவள், அதைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். அன்று உச்சி வெயிலில் வண்டியூர் தெப்பக்குளத்தை வேலையே இல்லாமல் நான்கு சுற்றுச் சுற்றினேன். இடது கை சுட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பின்னும் வண்டி ஓட்டியதில்லை.

முதல் வாரம் தொலைபேசி ஓயவில்லை. எடுக்கவில்லை. இரண்டாவது பெயராகப் போடுகிறேன் என்று சாரிடமிருந்து செய்தி வந்தது. பிறகு முதல் பெயர் இருவருக்கும் பொது என்று வந்தது. அந்தப் பையன் தனியாக, "அக்கா ப்ளீஸ்" என்று மட்டும் அனுப்பியிருந்தான். ஐந்தாவது வாரம் சார் விளாங்குடிக்கு வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா எழுந்து நின்று நாற்காலி போட்டார், அம்மா காப்பி கொடுத்தார். சாரின் கையில் புதிய ஒப்புதல் படிவம் இருந்தது. நான் மறுபடி கையெழுத்துப் போட்டு, கையையும் மறுபடி கொடுத்தால், பழைய அளவுகளை அதனோடு பொருத்தி மீட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டு வந்திருந்தார்.

"மொதப் பேரு உன்னோடது. எழுதியே தாரேன்."

"படிவத்த வாசிச்சுக் காட்டணும் சார். ரூல்ஸ்."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சார் வாசித்தார். நான் எழுதிய தமிழை, முதல் வரியிலிருந்து, தடுக்கித் தடுக்கி. 'காரணம் எதுவும் சொல்லாமல்' என்ற இடத்தில் அவர் குரல் இறங்கியது.

"அந்த எடம் சரியாக் கேக்கல சார்."

மறுபடி வாசித்தார். முடிந்ததும் நான் சட்டையின் இரண்டு கைகளையும் முழங்கைக்கு மேல் சுருட்டி, அவர் முன்னால் மேசையில் நீட்டினேன். ஐந்து வார வெயில். இரண்டும் ஒரே நிறம். அவர் இயற்பியல் பேராசிரியர், அவருக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த அளவுகோல் உலகத்தில் இனி எங்கும் இல்லை. காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

அந்த முகத்தை நான் இன்றைக்கும் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். வெட்கமே இல்லை.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. விஷயம் வெளியே தெரிந்து, குழு விசாரித்து, என்னை வேறொரு வழிகாட்டியிடம் மாற்றினார்கள். இந்தத் தடவை கெட்டுப்போகாத சிலிக்கோன் கட்டி ஒன்று வரவழைத்தோம். என் கைக்கு வேலை இல்லை. பழைய நோயாளிகளை முதலிலிருந்து அளந்தால் ஒன்றரை வருடத்தில் என் பெயரோடு ஆய்வேட்டை முடித்துவிடலாம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். வெங்காயக் கடை அம்மாவின் இடது கால் இன்னும் முழுசாக இருந்தது, அதில் லேசாக மரமரப்பும் ஆரம்பித்திருந்தது. எங்கள் பட்டியலில் இருந்தவர்களில் எனக்கு அவசியம் வேண்டியது அந்தக் கால்தான்.

வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு முக்காலியில் காலைத் தூக்கி வைத்தார். புதிய படிவத்தை வாசித்தேன், கேட்டார், கையெழுத்துப் போட்டார். முனையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"ஏத்தா, என் கோடு எப்ப வருது? கடையில தெனமும் கேக்காக."

"அது வராதும்மா. அழிச்சாச்சு."

"யாரு அழிச்சா?"

"நாந்தேன்."

"எதுக்கு?"

குழுவுக்கு நான் காரணம் சொல்லவில்லை. சாருக்குச் சொல்லவில்லை. இந்த அம்மாவுக்குச் சொன்னேன். கை, கையுறை, இனிப்புப் பெட்டி, எலக்ட்ரீஷியன், வீட்டுக்கு வந்து படிவம் வாசித்தது எல்லாம். காப்பியை வைத்துவிட்டுப் போனார் என்ற இடத்தில் அந்த அம்மா தொடையில் தட்டிச் சிரித்தார்.

"நல்லாச் செஞ்ச. அந்தாளுக்கு வேணும்."

எனக்கும் சிரிப்பு வந்தது. இவ்வளவு நாளில் இதை முழுசாகப் புரிந்துகொண்ட ஆள் இவர்தான் என்று நினைத்தேன். குனிந்து அவர் விரலில் வட்டம் போடப் பேனாவை எடுத்தேன்.

"வேற கால்ல மறுபடி எடுத்தா அந்தக் கோடு வந்துருமா?"

"வராதும்மா. அது அந்த வெரலோடது."

"வெரலு போச்சு. சேதி போகாதுன்ன."

நான் பேனாவை மூடினேன்.

"அழிக்கையில ஏங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாத்தா?"

"இல்லம்மா."

அவர் கோபப்படவில்லை. காலை முக்காலியிலிருந்து மெல்ல இறக்கி, விரல் இல்லாத வலது காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, இடது செருப்பை மாட்டினார்.

"அந்தத் தாளுல எம்பேர அடிச்சுரு. வாரேன்."

"அம்மா, ஏம்மா..." என்று எழுந்தேன்.

"காரணம் சொல்ல வேண்டியதில்லைன்னு நீதானத்தா வாசிச்ச."

பையை எடுத்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து, பேருந்து நிறுத்தத்துக்குப் போனார். நான் உட்கார்ந்து படிவத்தை எடுத்து அவர் பெயரை அடித்தேன். பக்கத்தில் நாளைப் போட்டேன். வேறு ஏதாவது எழுத இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அந்தக் கட்டத்தை நான்தான் எடுத்திருந்தேன்.